பதினேழாம் பாத்தி

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நிலக்கடலைக்கு மருந்தடிக்கும் ஆட்கள் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது டேங்க் அடிப்பார்கள். ஒரு டேங்க் பத்து லிட்டர். தொண்ணூறு லிட்டர் மருந்துத் தண்ணீரை முதுகில் சுமந்து தெளித்துவிட்டு, கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். மறுநாள் சிலருக்குத் தலை வலிக்கும். அவ்வளவுதான். சடையன் அன்று தெளித்தது பதினான்கு லிட்டர்கூட இல்லை. அதே மருந்து, அதே மாதிரி டேங்க். மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் செத்துப்போனான்.

தொண்ணூறு லிட்டர் அடித்தவன் பிழைக்கிறான், பதினான்கு அடித்தவன் சாகிறான். ஜம்புகுமாருக்கு இது புரியவில்லை. நான்கு மாதமாகப் புரியவில்லை.

ஜம்புகுமாருக்கு முப்பத்தொரு வயது. திருவண்ணாமலைக்கு வெளியே, வேட்டவலம் ரோட்டில் இருந்த சின்ன விவசாய ஆராய்ச்சி மையத்தில் பூச்சிகளைப் பற்றி ஆராய்பவன். கடலை இலையைச் சுருட்டித் தின்னும் சுருள்பூச்சிக்கு எந்த அளவு மருந்து போதும் என்று கண்டுபிடிக்க 1981-இல் ஒரு மானியக் குழு அவன் பெயருக்கு மூன்று வருட மானியம் கொடுத்திருந்தது. கீழ்பென்னாத்தூரில் நிலம் வாடகைக்கு எடுத்து, 1982 ஆடியில் விதைத்தார்கள்.

அந்தச் சோதனை எப்படி அமைக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். மருந்தின் அளவு ஐந்து விதம், மருந்தே இல்லாதது ஒன்று, ஆக மொத்தம் ஆறு முறை. ஒவ்வொரு முறையையும் ஒரே ஒரு இடத்தில் செய்து பார்த்தால் அந்த இடத்து மண் நல்ல மண்ணாக இருந்து ஏமாற்றிவிடலாம். அதனால் நிலத்தை நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஆறு முறையையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு வைப்பார்கள். ஆறு நான்கு இருபத்து நான்கு பாத்தி. ஒரு பாத்தி ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். அதற்கு ஒரு லிட்டர் மருந்துத் தண்ணீர் போதும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஒரு பாத்தியில் அடிக்கும் மருந்து காற்றில் பக்கத்துப் பாத்திக்குப் போய்விட்டால் இரண்டு பாத்தியின் விளைச்சலும் பொய்யாகிவிடும். ஜம்புகுமார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். தேரடி வீதித் தையற்காரரிடம் காடாத்துணியை ஆறடி உயரத்துக்குத் தைத்து வாங்கினான். மருந்தடிக்கும் பாத்தியின் நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு, சுற்றிலும் துணியைக் கட்டிவிட வேண்டியது. அடித்து முடித்ததும் கழற்றி அடுத்த பாத்திக்கு. மூடுபனி மாதிரி எழும் மருந்து துணியில் பட்டு நின்றுவிடும். விதைப்பதற்கு முன்பே இதை அரையாண்டு அறிக்கையில் படம் போட்டு எழுதினான். மானியக் குழு பாராட்டிக் கடிதம் எழுதியது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதை, அந்தக் குழு மானியம் கொடுக்கும் எட்டு மையங்களுக்கும் பொது விதியாக்கலாம் என்றும் அதில் இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் மருந்தடித்தார்கள். காற்றே இல்லாத நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் ஜம்புகுமார்தான். மருந்தைக் கண்ணாடிக் குழாயில் அளந்து கலந்தவனும் அவன்தான். கூலிக்கு வந்த சடையன் துணிக்குள் போய் அடித்தான். முதல் தொகுதியில் ஐந்து, இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் மூன்று. பதினேழாம் பாத்திக்குள் பாதி அடித்துக்கொண்டிருந்தபோது துணிக்குள்ளிருந்து சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தபோது வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை. தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் வயலில் வாந்தி எடுத்தான் என்று மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து டப்பாவை எடுத்துப் போக யாருக்கும் தோன்றவில்லை. ஜம்புகுமாருக்கும்தான். சீட்டில் வாந்திபேதி என்று எழுதினார்கள்.

நான்கு நாள் கழித்து, பாக்கி இருந்த ஆறு பாத்திக்கும் சடையனின் தம்பி முருகையன் மருந்தடித்தான். தாமதமானால் சோதனை கெட்டுவிடும் என்று மையத் தலைவர் சொன்னார்.

கார்த்திகையில் கடலை பிடுங்கினார்கள். இருபத்து மூன்று பாத்திக்கு எடை வந்தது. பதினேழாம் பாத்தியில் பாதிக்கு மருந்து இல்லை, மீதியை ஆளைத் தூக்கியவர்கள் மிதித்திருந்தார்கள். அதைப் பிடுங்கவில்லை.

ஜனவரி கடைசிக்குள் ஆண்டு அறிக்கை போக வேண்டும். பிப்ரவரியில் கூட்டம். மானியக் கடிதத்தில் இருபத்திரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்பதாவது, எந்தப் பாத்தி விடுபட்டாலும் காரணத்தை அட்டவணைக்குக் கீழே எழுத வேண்டும். பதினான்காவது, கூட்டத்தில் மானியம் பெற்றவரே நேரில் பன்னிரண்டு நிமிடம் பேச வேண்டும், பதிலுக்கு வேறு ஆளை அனுப்பக் கூடாது.

பாத்தி ஒன்று விடுபட்டால் என்ன செய்வது என்பதற்கும் புள்ளியியலில் வழி இருக்கிறது. அதே முறையில் மிச்சமுள்ள மூன்று பாத்தியின் எடையைக் கூட்டி ஆறால் பெருக்கு. அதே தொகுதியில் மிச்சமுள்ள ஐந்தின் எடையைக் கூட்டி நாலால் பெருக்கு. இரண்டையும் சேர்த்து, மொத்த எடையைக் கழித்து, பதினைந்தால் வகு. அந்த மூன்று கூட்டுத்தொகையும், எட்டு புள்ளி ஒன்று, பதினொன்று புள்ளி ஐந்து, ஐம்பத்து நாலு கிலோ என்று ஜம்புகுமாரிடம் இருந்தன. விடை இரண்டு கிலோ எழுநூற்று ஏழு கிராம். சடையன் விழாமல் இருந்திருந்தால் அந்தப் பாத்தியில் விளைந்திருக்கக்கூடிய கடலை அவ்வளவு. ஜம்புகுமார் அந்த எண்ணைக் கட்டத்தில் எழுதினான். கட்டம் நிரம்பிவிட்டது. எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது.

மையத் தலைவர் இராமலிங்கம் கெட்டவர் அல்ல. ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. சடையன் சாவுக்குக் கைக்காசு போட்டு பாடை கட்டச் சொன்னவர் அவர்தான். அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் எலி சேதம் என்று எழுதச் சொன்னார். சடையன் மருந்துக் கையோடு பீடி பிடித்திருப்பான், எதையாவது தின்றிருப்பான், அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்றார்.

"எலின்னு போட்டா எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான், ஜம்பு. எலியப் பத்தி யாருக்கும் சந்தேகம் வராது."

"எலி வரலியே சார்."

"வருஷா வருஷம் வருது. இந்த வருஷம் மட்டும் லீவுல போச்சா?"

அந்த வாரமே சடையனின் மனைவி சரசு மையத்துக்கு வந்தாள். வாசல் பக்கம் நின்றுகொண்டு, உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. காசு கேட்க வந்திருக்கிறாள் என்று ஜம்புகுமார் நினைத்தான். அவள் கேட்டது அது இல்லை. வரும் ஆடிப் பட்டத்துக்கும் மருந்தடிக்க முருகையனை மையத்தில் பேசி வைத்திருக்கிறார்கள். கூலி ஜாஸ்தி என்பதால் அவனும் ஒத்துக்கொண்டான். போன தடவை ஆறே பாத்தி அடித்துவிட்டு வந்தவன், ஒரு நாள் முழுக்கக் கண் மங்கலாக இருக்கிறது என்று படுத்துக் கிடந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

"ஊர்ல பீடின்றாங்க, சாராயம்ன்றாங்க. அவரு வெத்தலகூடப் போடமாட்டாரு சார்," என்றாள். "ஏன் செத்தாருன்னு நீங்க சொல்லுங்க. சொன்னீங்கன்னா, கொழுந்தனாரு போலாமா வாணாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். அந்த வீட்ல இனிமே அவரு ஒருத்தருதான் ஆம்பள."

ஜம்புகுமார் தெரியவில்லை என்றான். உண்மையாகவே தெரியவில்லை. அவள் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொன்றாகச் சோதித்தான். மருந்து அளவு தவறியிருக்குமோ என்று டப்பாவில் மிச்சம் இருந்ததை அளந்தான். எழுதி வைத்ததோடு சரியாக இருந்தது. டேங்க் ஒழுகியிருக்குமோ என்று தண்ணீர் ஊற்றி, முதுகில் காகிதம் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நடந்தான். காகிதம் நனையவில்லை. அன்று காலை சடையன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டான். மற்றவர்கள் குடித்த அதே கூழ். எல்லாம் சரியாக இருந்தது, சடையன் மட்டும் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனான். அவனுடையது நயினார் குடும்பம், தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்யும் ஜைனர்கள். கிணற்றடியில் அம்மா தர்மவதி தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும், அவற்றை விழுங்கிக் கொன்றுவிடக் கூடாது என்று அந்த வீட்டில் ஒரு குடம் தண்ணீரையும் துணியில் வடிகட்டாமல் குடிப்பதில்லை. வடிகட்டியதோடு வேலை முடியாது. துணியில் தங்கிய உயிர்கள் காய்ந்து செத்துவிடுமே. அதனால் துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய தண்ணீரையே அதன்மேல் ஊற்றி, தங்கியதை எல்லாம் ஒரு சொம்பில் இறக்கி, அந்தச் சொம்பைக் கயிற்றில் கட்டி மெதுவாகக் கிணற்றுக்குள்ளேயே விடுவார்கள்.

ஜம்புகுமார் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. அன்று கையில் அட்டவணையை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடப் போறியா, இல்ல அந்தக் காகிதத்தையே தின்னப் போறியா?" என்றாள் தர்மவதி. இருட்டிவிட்டால் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

அவன் சாப்பிடவில்லை. துணி எதைத் தடுக்கிறதோ அது இல்லாமல் போய்விடுவதில்லை, துணிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் சுத்தமான தண்ணீர், இந்தப் பக்கம் மற்றதெல்லாம். அம்மாவுக்குத் தெரிந்தது. அதனால்தான் இந்தப் பக்கத்தை அவள் அப்படியே விடுவதில்லை. அவன் பக்கத்துப் பாத்தியைப் பற்றி மட்டும் யோசித்து ஒரு வடிகட்டி கட்டினான். வடிகட்டியின் இந்தப் பக்கம் சடையன் இருந்தான்.

மறுநாள் துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்து டேங்கில் ஊற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போனான். முருகையன் மூங்கில் நட்டுக் கொடுத்தான். ஜம்புகுமார் புது வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு துணி இல்லாமல் ஒரு லிட்டர் தெளித்தான். பிறகு இன்னொரு வெள்ளைச் சட்டை, சுற்றிலும் துணி, அதே ஒரு லிட்டர்.

வெளியே வந்தபோது முருகையன் சிரித்துவிட்டான். "என்னா சார், நீலத்துல போட்ட துணிய எடுக்க மறந்துட்ட மாதிரி நிக்கறீங்க."

ஜம்புகுமார் தொண்டையைச் செருமி மண்ணில் துப்பினான். எச்சில் நீலமாக இருந்தது. முருகையன் அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் சிரிக்கவில்லை.

ஒரு போஸ்ட்கார்டில் ஒரு அங்குலச் சதுரமாக ஓட்டை வெட்டி, அதைச் சட்டையின் மார்பில் வைத்து, ஓட்டைக்குள் தெரியும் புள்ளிகளை எண்ணினான். முதல் சட்டையில் மூன்று. இரண்டாவதில் நாற்பத்தொன்று.

காரணம் கண்ணெதிரே இருந்தது. திறந்த வயலில் மருந்தடிப்பவன் முன்னே நடந்துகொண்டே இருப்பான். எழும் புகையைச் சின்னக் காற்றுகூட எடுத்துக்கொண்டு போய்விடும். துணிக்குள் காற்று இல்லை. பாத்தியோ சின்னது. ஐந்து மீட்டர் நடந்தால் திரும்ப வேண்டும், திரும்பினால் தானே எழுப்பிய புகைக்குள்தான் நடக்க வேண்டும். மெல்லிய துளிகள் மண்ணில் விழ நேரம் எடுக்கும், அதுவரை மூக்குயரத்தில் தொங்கும். அடுத்த பாத்திக்குப் போனால், ஏற்கெனவே நனைந்த அதே துணி. பதினான்கு லிட்டரைச் சடையன் கடலைக்கு அடித்தான் என்பது சரி. தன் மேலேயும் அடித்துக்கொண்டான்.

அறிக்கையை ஜம்புகுமார் தானே ஸ்டென்சில் காகிதத்தில் தட்டச்சு செய்தான். அட்டவணையின் கடைசி வரியில் பிழை என்று ஒன்று உண்டு. மண்ணும் மழையும் செய்யும் தற்செயலான வேறுபாட்டுக்கு அந்தப் பெயர். அதன் பக்கத்தில் ஓர் எண் வரும். ஆறு முறை, நான்கு தொகுதி என்றால், இரண்டிலும் ஒன்று குறைத்துப் பெருக்க, அது பதினைந்து. ஊகித்துப் போட்ட எடை நிஜ எடை ஆகாது என்பதால், ஒரு பாத்தி விடுபட்டால் ஒன்று குறைத்துப் பதினான்கு என்றுதான் எழுத வேண்டும். கட்டத்தை நிரப்பலாம், இந்த எண்ணை நிரப்ப முடியாது. பதினான்கு என்று அடித்தான். கீழே காரணத்தையும் அடித்து, இராமலிங்கத்திடம் காட்டாமலேயே அனுப்பினான்.

கூட்டம் அந்த வருடம் திருவண்ணாமலையிலேயே, செங்கம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வெளியூர் விஞ்ஞானிகள் விடிகாலையில் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் விபூதியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜம்புகுமாருக்கு முன்னால் பேசியவர் துணி மறைப்பு மிக நல்ல யோசனை, தங்கள் மையத்திலும் தைக்கக் கொடுத்துவிட்டோம் என்றார். அவன் மேடை ஏறி, மூன்று சார்ட்டை மாட்டினான். நாலாவது சார்ட்டின் இடத்தில் இரண்டு வெள்ளைச் சட்டைகளைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மானியக் குழுத் தலைவர் அறிக்கைப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இங்க பதினஞ்சு வரணுமே, பதினாலு இருக்கு?"

"பதினேழாம் பாத்தி விடுபட்டுப் போச்சு சார். அதுக்குள்ள மருந்தடிச்சுட்டிருந்த சடையன் இறந்துட்டார். நான் கட்டின துணிதான் காரணம்."

இராமலிங்கம் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜம்புகுமார் சட்டைகளைக் காட்டி மூன்றையும் நாற்பத்தொன்றையும் விளக்கினான். பத்தாவது நிமிடம் எச்சரிக்கை மணி அடித்தது. பின் வரிசையில் ஒருவர் எழுந்து, தங்கள் மையத்திலும் துணி கட்டி அடித்தபோது ஓர் ஆள் விழுந்துவிட்டான், வெயில் என்று நினைத்தோம், பிழைத்துக்கொண்டான் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வருத்தமான விஷயம்தான் என்றார். ஆனால் துணி இல்லாவிட்டால் மருந்து பக்கத்துப் பாத்திக்குப் போகும், எட்டு மையத்து எண்களும் குப்பையாகும், அதற்கு மாற்று இருக்கிறதா என்று கேட்டார். மாற்று இல்லாவிட்டால் துணி இருக்கும், ஆளுக்கு மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டச் சொல்லலாம் என்றார். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்.

இரண்டு நாளில் ஜம்புகுமாருக்கு மையத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மையத் தலைவர் பார்க்காத செய்தியை வெளியே சொன்னது குற்றம் என்றிருந்தது. கீழே இராமலிங்கத்தின் கையெழுத்து. அதன்பின் அவர் அவனோடு பேசவில்லை. மூன்றாம் வருட மானியம் வேறொருவர் பெயருக்கு மாறப் போகிறது என்றும் காதில் விழுந்தது.

மாசிக் கடைசியில், தரிசாகக் கிடந்த அதே நிலத்தில் ஒரு பாத்தியைக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே ஒவ்வொரு அடி தூரத்திலும் வெள்ளைக் காகிதப் பட்டைகளை விரித்து, கல் வைத்தான். துணி இல்லாமல் நீலம் தெளித்தான். முருகையன் உதவிக்கு வந்திருந்தான். சரசுவும் வந்து வரப்பில் நின்றாள்.

அதே போஸ்ட்கார்டு ஓட்டை. ஓரடி தூரத்துக் காகிதத்தில் முப்பது புள்ளி. இரண்டடியில் ஒன்பது. மூன்றடியில் ஒன்று. நாலடியில் இல்லை. நான்கு திசையிலும், காலையில் ஒரு முறையும் லேசான காற்றில் ஒரு முறையும் எண்ணினான். பெரிதாக மாறவில்லை.

"அப்போ மருந்து மூணடிக்கு மேல போகாதா?" என்றாள் சரசு.

"போறது ரொம்ப கம்மி."

"இத அப்பவே பாத்திருக்கலாமா சார்?"

"பாத்திருக்கலாம்."

"ஏன் பாக்கல?"

அவன் மறைக்காமல் சொன்னான். துணி கட்டினால் பாத்திகளை ஒட்டி ஒட்டிப் போடலாம், பன்னிரண்டு சென்ட் நிலத்தில் சோதனை முடிந்துவிடும். துணி இல்லாமல் செய்ய இருபத்து நாலு சென்ட் வேண்டும். அந்தப் பன்னிரண்டு சென்ட்டை மிச்சம் பிடிக்கத்தான் துணி.

சரசு வரப்பிலிருந்து அந்த நிலத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். பன்னிரண்டு சென்ட் எவ்வளவு இருக்கும் என்று அளப்பதுபோல் இருந்தது. பிறகு, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொழுந்தனாருக்குத் தெளிவாகச் சொல்லிவிடும்படி கேட்டாள்.

ஜம்புகுமார் முருகையனிடம் சொன்னான். மானியக் குழுவுக்கும் அதையேதான் எழுதினான்.

"துணி கட்டக் கூடாது. பாத்திய ரெண்டு மடங்கு பெருசா போடணும். பாத்தி முழுக்க மருந்தடிக்கணும். பிடுங்கும்போது நாலு பக்கமும் பக்கத்து மருந்து படற மூணடி செடிய ஒதுக்கிட்டு, நடுவுல நிக்கறத மட்டும் எடை போடணும்."